பதினாறு நோன்பு

எங்கள் ஸ்டேஷன் தெருவில் சர்வர் பேகம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பாயம்மா என்று கேட்க வேண்டும். இலவம் பஞ்சில் மெத்தை, தலையணை தைக்கிற பாயம்மா. பஞ்சிலிருந்து கொட்டை பொறுக்குவதில் அவளுக்கு அப்படியொரு பிடிவாதம். அவள் தைத்த தலையணையில் கொட்டை உறுத்தியதாக யாரும் குறை சொன்னதில்லை. பேச்சும் அந்த ரகம்தான். பஞ்சு போன வருஷத்துப் பஞ்சாக இருந்தால், வாங்க வந்தவரிடம் அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவள் புருஷன் நூர் முஹம்மது ஜட்கா ஓட்டினான். ரயிலை விட்டு இறங்குகிற பக்தர்களை மலை அடிவாரத்தில் கொண்டுபோய் விடுவது அவன் தொழில். ஒருநாள் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே மார்வலி என்று உட்கார்ந்தான், அப்படியே போய்விட்டான். மிஞ்சியது ஒரு குதிரை, ஒரு வண்டி, பாஷா என்று ஒரு மகன். மகன் வண்டியில் ஏறினான்.

நான் அப்போது ஸ்டேஷனுக்கு எதிரே சோடாக் கடை வைத்திருந்தேன். நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. 

பாஷா உயரமான பையன். லகானைப் பிடித்துப் பிடித்துக் கை முறுக்கேறிவிட்டது. ஆனால் முகம் பால் முகம். பக்தர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, உங்கப்பன் எங்கடா?" என்று கேட்டுப் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவார்கள். பாயம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் அவனை நிறுத்திவைத்து, கண்ணுக்கு இடும் சுர்மாவை மேலுதட்டில் லேசாகத் தேய்த்துவிடுவாள். தூரத்திலிருந்து பார்த்தால் மீசை. "இனிமே நீதான் ஊட்டுக்கு ஆம்பளை" என்று சொல்லித்தான் அனுப்புவாள். பையனும் அதை நம்பிவிட்டான்.

வண்டி ஸ்டாண்டில் அவனுக்கு இரண்டு வயது இருந்தது. மூட்டை தூக்க வேண்டுமென்றால், "தடிமாடு மாதிரி நிக்கிறியே, தூக்குடா" என்பார்கள். சவாரி முறை வரும்போது, "பொடிப்பய, அப்புறம் போவலாம், நில்லு" என்பார்கள். எல்லோரும் செய்தார்கள். அதே ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டிய துளசிங்கமும் செய்தான். துளசிங்கம் கெட்டவன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நூர் முஹம்மது செத்தபோது இரண்டு வாரம் அந்தக் குதிரைக்குக் கொள்ளு வைத்தவன் அவன்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆடிக் கிருத்திகை. ரயில் ரயிலாகக் காவடி வந்து இறங்குகிறது. வண்டி முறை பாஷாவுக்கு. ஒரு குடும்பம் அவன் வண்டியில் கால் வைத்துவிட்டது. துளசிங்கம் வந்து அவர்களைத் தன் வண்டிக்கு அழைத்துக்கொண்டான். பாஷா குறுக்கே நின்றான். துளசிங்கம் அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டு, கட்டைவிரலால் அவன் மேலுதட்டைத் தேய்த்தான். விரலில் ஒட்டிய கறுப்பை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். "பாருங்கடா மீசைய! போயி உங்கம்மாகிட்ட பால் குடிச்சிட்டு வாடா." ஸ்டாண்டே சிரித்தது. காவடிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

சக்கரம் கழற்ற வைத்திருக்கும் இரும்புக் கம்பியைப் பையன் எப்போது எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. முதல் அடியில் துளசிங்கம் விழுந்தான். அதோடு விட்டிருந்தால் கதை வேறு. விழுந்தவனை மறுபடி அடித்தான். நாங்கள் நாலு பேர் ஓடிப் பிடிக்கும்வரை அடித்தான். நான் பார்த்தேன், சித்தூர் கோர்ட்டில் அப்படியே சொன்னேன். பையன் செய்தது கொடுமை. அதை மழுப்புகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

துளசிங்கத்தின் பெண்சாதி அம்மு கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். புருஷன் தலை இருந்த கோலத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை வரவில்லை. ஊர் ஜனம் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது, அறியாப் பையன், ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று. அம்மு திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடிக்கச்சே பெரிய ஆளா அடிச்சான். இப்ப மட்டும் அறியாப் பையனா?"

இதே கேள்வியைத்தான் அந்த ஸ்டாண்ட் இரண்டு வருஷமாகத் திருப்பிப் போட்டு வைத்திருந்தது என்று எனக்குப் பிறகு தோன்றியது.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. கேஸ் சித்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது. பாயம்மா குதிரையை விற்று வக்கீல் வைத்தாள். வக்கீல் ராஜமாணிக்கம் நல்ல வாய்ச்சாலகர், கேஸைப் பார்த்ததும் ஒரே ஒரு வழிதான் உண்டு என்று சொல்லிவிட்டார். என் கடைக்கு வந்து, என்னையும் வைத்துக்கொண்டு, பாயம்மாவுக்கு விளக்கினார்.

"இந்தாம்மா, கொலை பண்ணலன்னு நம்மால சொல்ல முடியாது. ஊரே பாத்துட்டுது. ஆனா பையனுக்குப் பதினாறு நிறையலன்னா தூக்கு கிடையாது, பெரிய ஜெயிலும் கிடையாது. செங்கல்பட்டுல இந்த மாதிரிப் பசங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்குது. தச்சு வேலை, தையல் வேலை கத்துக்குடுப்பாங்க. கொஞ்ச வருஷத்துல மனுசனா வெளிய வருவான். பதினாறு தாண்டிட்டா பெரியவனுக்கு என்னாவோ அதுதான் அவனுக்கும். வயசு என்னா?"

பாயம்மா விரல் கணுக்களில் எண்ணினாள். உதடு அசைந்தது. "பதினாறு ஆயிடுச்சுங்களே" என்றாள்.

வக்கீல் சுற்றும் முற்றும் பார்த்தார். "பதினஞ்சுன்னு சொல்லு."

"சத்தியம் பண்ணிட்டா?"

"ஆங், பண்ணிட்டுத்தான். உம்புள்ள உசிருமா."

"ஒரு உசிர எடுத்துட்டு நிக்கிறான் அவன். அதுக்கு மேல நானும் அல்லா பேரச் சொல்லிப் பொய் சொன்னா, அந்தப் பாவமும் அவன் தலையிலதானுங்களே உழும்? நான் நிஜத்தைச் சொல்றேன். ஜட்ஜய்யாவும் புள்ளகுட்டிக்காரருதானே, இரக்கப்படுவாரு."

வக்கீல் என்னைப் பார்த்தார். நானும் சொல்லிப் பார்த்தேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

இடையில் பையனை டாக்டருக்குக் காட்டினார்கள். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். வண்டிக்காரன் சந்தையில் குதிரைக்குப் பார்ப்பது போலத்தான். பதினைந்திலிருந்து பதினேழுக்குள் எதுவாகவும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இதற்கு டாக்டருக்குப் படிக்க வேண்டுமா என்று நான் கேட்டேன், வக்கீல் சிரிக்கவில்லை. "பெத்தவ சொல்றதுதான் இனிமே எல்லாம்" என்றார்.

அரக்கோணம் போய், காட்பாடியில் வண்டி மாறி, சித்தூர் போய்ச் சேர்ந்தோம். கோர்ட்டில் ஜட்ஜ் இங்கிலீஷில் கேட்டார், குமாஸ்தா தெலுங்கில் கேட்டார். எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெலுங்கு புதிதில்லை. கடவுளுக்கு முன்னால் நிஜமே சொல்கிறேன் என்று குமாஸ்தா சொல்லச் சொன்னதைப் பாயம்மா அப்படியே திருப்பிச் சொன்னாள். பையன் கூண்டில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மீசை இல்லாமல் அவன் முகம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

"கொடுக்கு வயசெந்த?" என்று குமாஸ்தா மகனின் வயதைக் கேட்டார்.

"பதஹாரு" என்று பாயம்மா பதினாறைத் தெலுங்கிலேயே சொன்னாள்.

ஜட்ஜ், நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார். "நிச்சயமாத் தெரியும். போன நோன்போட பதினாறு முடிஞ்சிடுச்சு" என்று தமிழில் சொன்னாள். குமாஸ்தா அதைத் தெலுங்கில் வாங்கி, இங்கிலீஷில் கொடுத்தபோது, நோன்பு எங்கேயோ உதிர்ந்துவிட்டது. பதினாறு முடிந்தது என்பது மட்டும் ஜட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில், எந்தக் கணக்கில் பதினாறு என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

ஜட்ஜ் இரக்கப்படத்தான் செய்தார். தூக்குப் போடவில்லை. ஆயுள் தண்டனை கொடுத்து, வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார். அம்மு கோர்ட் வாசலில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள்.

பாயம்மா ஊருக்கு வந்து மறுபடி பஞ்சு தட்ட ஆரம்பித்தாள். நிஜத்தைச் சொன்னோம், உயிராவது மிஞ்சியது என்று அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி கிறிஸ்துமஸ் வரைக்கும் நின்றது.

அடுத்த வீட்டு மார்த்தாள் வெளியூர் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை பார்த்தாள். வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாள். கேஸ் நடந்ததே அவளுக்கு வந்த பிறகுதான் தெரியும். அவளும் பாயம்மாவும் ஒரே வாரத்தில் பிள்ளை பெற்றவர்கள். மார்த்தாளுக்குப் பிரசவ ஜுரம் கண்டபோது அவள் மகள் தபிதாளுக்கும் பாயம்மாதான் பால் கொடுத்தாள். ஒரு பக்கம் பாஷா, ஒரு பக்கம் தபிதாள்.

நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுத மார்த்தாள், நடுவில் சட்டென்று நிறுத்தினாளாம்.

"இருடி சர்வரு. பதினாறா? எவனுக்குப் பதினாறு?"

"பாஷாவுக்குத்தான் அக்கா."

"என் தபிதாளுக்கு வர்ற பிப்ரவரிக்குத்தாண்டி பதினஞ்சு நிறையுது. ஒரே பாய்ல போட்டு வளத்தோம். இது பதினாலு, அது மட்டும் எப்பிடி பதினாறு ஆவும்?"

பாயம்மா எண்ணிக் காட்டினாள். அவள் மட்டுமில்லை, அந்தத் தெருவில் பாய்மார் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு வயது எண்ணுவது நோன்பை வைத்துத்தான். இத்தனை ரம்ஜான் கண்ட பிள்ளை என்பார்கள். பாஷா பிறந்து சில நாளில் வந்த நோன்பு ஒன்று. அங்கே ஆரம்பித்துப் போன நோன்பு வரை பதினாறு. கணக்கில் பிசகே இல்லை. ஆனால் நோன்பு மாதம் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். பாஷா பிறந்தபோது அது மாசியில் வந்தது. போன நோன்பு புரட்டாசியில் முடிந்தது. அப்படி நகர்ந்ததில் ஒரு துண்டு, பிறந்த கையோடு வந்த நோன்பையும் ஒன்றென்று எண்ணியதில் ஒரு துண்டு. கோர்ட்டுக்காரன் காலண்டரில் பையனுக்குப் பதினைந்தே நிறையவில்லை.

வக்கீல் சொல்லச் சொன்ன பொய் இருக்கிறதே, அதுகூட நிஜத்தைவிட அதிகம்.

பாயம்மா என் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணா, நான் பொய் சொல்லலியே, சொல்லலியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ராஜமாணிக்கம் வக்கீலிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மனுஷன் சும்மா இருக்கவில்லை. கூலி கேட்காமல் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு மனுப் போட்டார். அங்கிருந்து ஜெயிலுக்கு உத்தரவு வந்தது, கைதியின் வயதைத் தாயைக் கேட்டு விசாரித்து எழுதி அனுப்பும்படி.

"ஜெயிலர் கேப்பாரு. நோன்புக் கணக்க நல்லாப் புரியறாப்பல சொல்லு" என்றார் வக்கீல். "மார்த்தாளும் கூடப் போவட்டும். அந்தப் பொண்ணையும் இட்டுக்கினு போங்க. அதைப் பாத்தாலே வயசு தெரிஞ்சுடும். இந்த மனு நின்னுதுன்னா பையன் நேரா செங்கல்பட்டுதான்."

மார்த்தாள் லீவு போட்டு மகளோடு வந்தாள். தபிதாள் ரெட்டைப் பின்னல் போட்டு, ரயில் ஜன்னலில் தலையை நீட்டி, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே வேலூருக்குப் போனாள். பார்க்கிற எவனும் சொல்வான் அது குழந்தை என்று. இனி நான் சொல்வது மார்த்தாள் என்னிடம் சொன்னது.

தபிதாளை வாசலில் உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். முதலில் பையனைப் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாஷா. மொட்டைத் தலை. உதட்டில் ஆறாத வெட்டு. அவனுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு கைதி வார்டர். ஜெயிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஆயுள் கைதிகளுக்கு மற்றக் கைதிகளை மேய்க்கிற வேலை கொடுப்பார்கள், அப்படி ஒருவன். பையன் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு சுவரோரம் போய்ப் பீடி பற்றவைத்தான்.

பாயம்மா குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். நோன்புக் கணக்கு, மனு, செங்கல்பட்டு. "உனக்குப் பதினாலுதாண்டா கண்ணா. இப்ப போயி ஜெயிலர்கிட்ட சொல்லப் போறேன்."

பையன் வலையில் முகத்தை ஒட்டினான். "அம்மா, சொல்லாதீங்க."

"ஏண்டா?"

"உள்ள நான் பதினெட்டுன்னு சொல்லிக்கினு இருக்கறேன். அதனாலதான் பெரியவங்க கொட்டடியில பெரியவனா கெடக்கறேன். என்கூட வந்தான் ஒருத்தன், சின்னவன்னு தெரிஞ்சுபோச்சு. அவனை..." பையன் திரும்பிச் சுவரோரம் பார்த்தான். "இந்த ஆளுக்கு இப்பவே சந்தேகம்மா. தெனமும் கேக்கறான், நெஜமா உனக்கு என்னா வயசுன்னு."

"ரெண்டு மூணு மாசந்தாண்டா. வக்கீலய்யா வெளிய எடுத்துடுவாரு."

"ரெண்டு மூணு மாசம்னா எத்தினி ராத்திரின்னு பாருங்கம்மா."

இதைச் சொல்லும்போது மார்த்தாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள். பையன் நடந்து போனபோது நடையைப் பார்த்தே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். சின்னவன் என்று தெரிந்துபோன அந்த ஒருத்தன் யார் என்று பாயம்மா கேட்கவே இல்லையாம்.

ஜெயிலர் அறையில் விசாரணை. அந்தக் கைதி வார்டரே பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, கூடவே நின்றான். ஜெயிலர் அவனை வெளியே போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மேஜை, நாற்காலி மாதிரி அவனும் ஒன்று.

"உம்புள்ளைக்கு என்னம்மா வயசு?"

மார்த்தாள் முந்திக்கொண்டாள். "ஐயா, எம்பொண்ணு வெளிய ஒக்காந்துகினு இருக்குது, நீங்களே வந்து..."

பாயம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்துவிட்டதாம்.

"பதினெட்டுங்க" என்றாள்.

ஜெயிலர் காகிதத்தைப் புரட்டினார். "கோர்ட்டுல பதினாறுன்னு சத்தியம் பண்ணியிருக்கறே. மனுவுல பதினாலுன்னு இருக்குது. இப்ப பதினெட்டா?"

"கோர்ட்டுல பொய் சொன்னேங்க. புள்ளையக் காப்பாத்தக் குறைச்சுச் சொன்னேன். மனுவும் பொய்தாங்க."

"அல்லா மேல சத்தியமா?"

"அல்லா மேல சத்தியமா."

கைதி வார்டர் சிரித்துக்கொண்டே பையன் தோளிலிருந்து கையை எடுத்தானாம். ஜெயிலர் எழுதி முடித்து, பெற்றவளே இப்படி என்றால் பிள்ளை எப்படி இருப்பான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. ராஜமாணிக்கம் வக்கீலுக்கு மானம் போய்விட்டது. உள்ளே நடந்ததை நான் அவரிடம் சொல்லப் போனேன், அவர் காதில் வாங்கவில்லை. "நிஜத்தைச் சொல்லச் சொன்னா பொய், பொய்யச் சொல்லச் சொன்னா நிஜம், அவளோட சகவாசமே வாணாம்பா" என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் வாயிலிருந்து விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. பதினெட்டு வயதுக் கொலைகாரனைப் பச்சைக் குழந்தை என்று சொல்லிப் பாயம்மா ஹைகோர்ட்டையே ஏமாற்றப் பார்த்தாளாம். நாலு வீட்டில் மெத்தை தைக்கக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுத்துப் பேச நான் வாயைத் திறந்தால், பாயம்மா கும்பிட்டுத் தடுத்துவிடுவாள். எங்கள் ஊரிலிருந்து வேலூர் ஜெயிலுக்குப் போகிறவனும் உண்டு, வருகிறவனும் உண்டு. ஒரு சொல் உள்ளே போனால் போதும்.

அடுத்த ஆடியில் ஒருநாள், தெருக் குழாயடியில் அம்மு அவளை மடக்கினாள். புருஷன் செத்து ஒரு வருஷம். இடுப்பில் அந்தக் குழந்தை. அத்தனை பெண்களுக்கும் நடுவில் குடத்தை நங்கென்று வைத்தாள்.

"பாயம்மா, உன்னை ரொம்ப நல்லவன்னு நெனச்சேன். எம்புருசனக் கொன்னவன் சின்னப்புள்ளைன்னு நீ சொன்னப்போ, ஒரு நாள் ராவெல்லாம் எனக்கே அவன் மேல பாவமாப் போச்சு. சொல்லு, எல்லார் எதிர்லயும் சொல்லு. அவனுக்கு என்னா வயசு?"

நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஆடிக்கும் தபிதாள் அம்மாவோடு வந்திருந்தது. அங்கேயே, வரிசையில், கையில் சின்னக் குடத்தோடு நின்றது. பாயம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அம்முவின் பக்கம் திரும்பினாள்.

"பதினெட்டும் முடிஞ்சிடுச்சு அம்மு" என்றாள். "இப்ப பத்தொம்பது."